வரி, ஏலம், மின்தடம், அணு உலை: காலநிலைக்கு வலதுசாரிகள் எந்த வழியைப் பிடிக்கலாம்?

1989 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் பேசிய மார்கரெட் தாட்சர், காற்றில் கரியமில வாயு கூடிக்கொண்டே போவதை எல்லா நாடுகளும் சேர்ந்து தடுக்க வேண்டிய ஆபத்து என்றார். அவர் வேதியியல் படித்தவர், நிலக்கரிச் சுரங்கத் தொழிற்சங்கத்தோடு மோதி ஜெயித்தவர். இடதுசாரி என்று எதிரிகூட அவரைச் சொல்ல மாட்டார். 2025 அக்டோபரில் அதே கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவர் கெமி பேடனாக், ஆட்சிக்கு வந்தால் பிரிட்டனின் காலநிலை மாற்றச் சட்டத்தையே ரத்து செய்வோம் என்று அறிவித்தார். 2050-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கும் இலக்கை 2019-இல் சட்டமாக்கிய தெரேசா மே, அதே கட்சிக்குள் இருந்துகொண்டே அதைக் கண்டித்தார்.

ஆகவே 'வலதுசாரி என்றாலே காலநிலை மறுப்பு' என்று பேச்சை முடித்துவிட முடியாது. பிரச்சினை உண்மைதான் என்று ஏற்றுக்கொள்ளும் ஒரு வலதுசாரி அரசு, கெடுபிடியான தடைகளும் பெரிய அரசுச் செலவும் வேண்டாம் என்று நினைத்தால், கையில் உள்ள வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது? கடந்த 35 ஆண்டுகளில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இந்த வழிகள் பெரும்பாலும் செய்தே பார்க்கப்பட்டுவிட்டன. ஏட்டில் எது அழகாக இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, நடந்ததை வைத்தே எடைபோடலாம்.

இரண்டு கேள்விகள் போதும். உமிழ்வு குறைந்ததா? ஆட்சி மாறிய பிறகும் திட்டம் தாக்குப்பிடித்ததா? எனக்கு இரண்டாவதுதான் பெரிது. அடுத்த தேர்தலில் கிழித்துப்போடப்படும் திட்டத்தை நம்பி எந்தக் கம்பெனியும் 30 வருடத்துக்கான முதலீட்டைப் போடாது.

வசூலித்துத் திருப்பிக் கொடுக்கும் கார்பன் வரி

பொருளாதார நிபுணர்களிடம் கேட்டால், இடது வலது பாகுபாடின்றி முதலில் கைகாட்டுவது இதைத்தான். நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எல்லாவற்றுக்கும் டன்னுக்கு இவ்வளவு என்று வரி போடு, வந்த பணத்தை அரசு வைத்துக்கொள்ளாமல் மக்களுக்கே கொடு, எதை எப்படிக் குறைப்பது என்று சந்தையே முடிவு செய்யட்டும். ரீகனின் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜார்ஜ் ஷுல்ட்ஸும், மூத்த புஷ்ஷின் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜேம்ஸ் பேக்கரும் 2017-இல் முன்வைத்த திட்டம் இதுவே. டன்னுக்கு 40 டாலரில் தொடக்கம். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு முதல் ஆண்டில் சுமார் 2,000 டாலர் திரும்ப வரும். பதிலுக்கு உமிழ்வு சார்ந்த அரசுக் கட்டுப்பாடுகள் பலவற்றை நீக்கிவிடலாம். 2019 ஜனவரியில், அப்போது உயிரோடிருந்த அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் முன்னாள் தலைவர்கள் நால்வரும் இதே கருத்துள்ள அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். இத்தனை பெரிய மனிதர்கள் ஒரே பக்கம் நின்றும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அது நகரவில்லை.

நகர்ந்த இடம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா. அங்கே மாகாண முதல்வர் கோர்டன் கேம்ப்பெல்லின் கட்சிக்குப் பெயர் லிபரல் என்றாலும், அந்த மாகாணத்தில் அது வணிகர்களின் கட்சி, வலது பக்கம் சாய்ந்தது. 2008 ஜூலை 1 அன்று டன்னுக்கு 10 கனடா டாலர் என்று வரி தொடங்கியது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு இரண்டு சென்ட் சொச்சம். ஆண்டுக்கு 5 டாலர் ஏறி 2012-இல் 30 டாலரில் நின்றது. வந்த பணம் முழுவதையும் வருமான வரியையும் நிறுவன வரியையும் குறைத்தே திருப்பிக் கொடுத்தார்கள். 2009 தேர்தலில் இந்த வரியை ஒழிப்போம் என்று கோஷம் போட்ட, இடது பக்கம் சாய்ந்த என்.டி.பி. (புதிய ஜனநாயகக் கட்சி) தோற்றது. வரி இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட உமிழ்வு 5 முதல் 15 சதவீதம் வரை குறைந்தது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பொருளாதாரம் படுத்துவிடவில்லை. பல ஆண்டுகள் உலகம் முழுக்க இதுதான் பாடப்புத்தக உதாரணம்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2017-இல் என்.டி.பி. ஆட்சிக்கு வந்ததும், 'முழுவதும் வரிக்குறைப்பாகத் திருப்பித் தருவோம்' என்ற விதி கைவிடப்பட்டது. வரி மட்டும் ஏறிக்கொண்டே போய் 2024-இல் 80 டாலரைத் தொட்டது. இதற்கிடையே 2019-இல் மத்திய அரசு, சொந்தமாகக் கார்பன் விலை வைக்காத மாகாணங்களில் தன் கட்டணத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு மக்களுக்கே திரும்பியது; 2022 முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களின் வங்கிக் கணக்குக்கே போனது. ஸ்கார்பரோவில் வாழும் நம்மவர்களின் கணக்குக்கும்தான். ஆனால் பெட்ரோல் பங்கில் விலை தினமும் கண்ணில் படுகிறது. கணக்கில் விழும் தொகை எங்கிருந்து, எதற்காக வந்தது என்று பலருக்குத் தெரியவே இல்லை. எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவர் பியர் பொய்லிவ்ர் 'வரியை வெட்டு' என்ற ஒரே கோஷத்தை வைத்துப் பெரிய அரசியலே நடத்தினார். 2025 ஏப்ரல் 1 அன்று மத்திய நுகர்வோர் கட்டணமும் முடிந்தது, பிரிட்டிஷ் கொலம்பியாவின் வரியும் முடிந்தது. மத்தியக் கட்டணத்தை முடித்தது மார்க் கார்னியின் லிபரல் அரசு, மாகாண வரியை முடித்தது என்.டி.பி. அரசு. பொய்லிவ்ர் ஆட்சிக்கு வராமலேயே அவர் கேட்டது நடந்துவிட்டது.

இடதுசாரிகளும் இதில் கைகழுவ முடியாது. 2016-இல் வாஷிங்டன் மாநிலத்தில் இதே மாதிரி, வசூலித்ததை வரிக்குறைப்பாகத் திருப்பித் தரும் திட்டம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. பசுமைத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கவில்லை என்று சொல்லி சுற்றுச்சூழல் அணியின் ஒரு பகுதியே அதை ஆதரிக்கவில்லை. தோற்றது. வலது பக்கம் பாப் இங்லிஸ் கதை எல்லோருக்கும் தெரியும்: தென் கரோலினாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர், 2009-இல் கார்பன் வரி மசோதா கொண்டுவந்தார், 2010-இல் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்விலேயே படுதோல்வி. அந்தத் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் சக உறுப்பினர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்.

உமிழ்வைக் குறைக்குமா என்றால் குறைக்கும். தாக்குப்பிடிக்குமா என்றால், இதுவரையிலான அனுபவம் 'இல்லை' என்கிறது.

ஆலைகளுக்கு மட்டும் விலை

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கார்பனுக்கு விலை வைக்கும் அதே யோசனைதான், ஆனால் விலை வைக்கும் இடம் வேறு. பெட்ரோல் பங்கில் வைக்காமல் மின் நிலையத்தின் வாசலில் வைப்பது.

இதற்கு முன்மாதிரி மூத்த புஷ். 1990 நவம்பரில் அவர் கையெழுத்திட்ட தூய காற்றுச் சட்டத் திருத்தம், அமில மழைக்குக் காரணமான கந்தக டை ஆக்சைடுக்கு மொத்த உச்சவரம்பு வைத்தது. 1980 அளவிலிருந்து ஆண்டுக்கு ஒரு கோடி டன் குறைய வேண்டும். எந்த ஆலை எப்படிக் குறைப்பது என்று அரசு சொல்லவில்லை. ஒவ்வோர் ஆலைக்கும் உமிழ்வு அனுமதிச் சீட்டு, மிச்சமானால் விற்கலாம், போதாவிட்டால் வாங்கலாம், அவ்வளவுதான். சில ஆலைகள் புகைபோக்கியில் கந்தகத்தைக் கழுவும் கருவியைப் பொருத்தின. பல ஆலைகள், வயோமிங்கிலிருந்து கந்தகம் குறைந்த நிலக்கரியை ரயிலில் வரவழைத்தன. 1980-இல் ரயில் கட்டணக் கட்டுப்பாடுகள் தளர்ந்து சரக்குக் கட்டணம் மலிந்ததால் அது கட்டுப்படியானது. இப்படி ஒரு வழி கிடைக்கும் என்று வாஷிங்டனில் உட்கார்ந்திருந்த எந்த அதிகாரியும் எழுதி வைத்திருக்க முடியாது. இலக்கு எட்டப்பட்டது, செலவும் முன்கூட்டிச் சொன்ன மதிப்பீடுகளைவிட மிகக் குறைவு.

அதே முறையைக் கார்பனுக்குக் கொண்டுவர குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் 2003-இல் முயன்றபோது செனட்டில் 43-க்கு 55 என்று தோற்றது. கந்தகத்தை ஆலைகளோடு நிறுத்த முடிந்தது. கார்பனோ எல்லா இடத்திலும் இருக்கிறது. அதையும் மின் நிலையத்தோடு நிறுத்திக்கொண்டவர் பிரிட்டனின் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன்.

2013 ஏப்ரலில் அவர் கொண்டுவந்தது கார்பன் விலைத் தளம், அதாவது கார்பனுக்கு ஒரு குறைந்தபட்ச விலை. ஐரோப்பியக் கார்பன் சந்தையில் உமிழ்வு அனுமதிச் சீட்டின் விலை அடிமட்டத்தில் கிடந்த காலம் அது. அதன் மேல் மின் உற்பத்தியாளர்களுக்கு மட்டும் கூடுதல் வரி. 2016-இலிருந்து அது டன்னுக்கு 18 பவுண்டில் நிறுத்தப்பட்டது. கணக்கு எளிது. நிலக்கரியில் ஆயிரம் யூனிட் மின்சாரம் எடுத்தால் சுமார் 900 கிலோ கரியமில வாயு வெளியேறும். எரிவாயுவில் எடுத்தால் சுமார் 400 கிலோ. 18 பவுண்டு வரியில் நிலக்கரிக்கு 16 பவுண்டு கூடுகிறது, எரிவாயுவுக்கு ஏழு. வித்தியாசம் ஒன்பது பவுண்டு. அன்றைய மொத்தச் சந்தையில் ஆயிரம் யூனிட்டின் விலையே 40 பவுண்டு அளவில்தான் இருந்தது. எந்த ஆலையை முதலில் ஓட்டுவது என்று ஒவ்வொரு அரைமணி நேரமும் முடிவாகும் சந்தையில் ஒன்பது பவுண்டு என்பது உயிர்போகும் தொகை. 2012-இல் பிரிட்டனின் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் நிலக்கரி. 2016-இல் அது ஒன்பது சதவீதம். 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் ஆன் சோர் நிலையம் மூடப்பட்டதோடு, தொழிற்புரட்சி பிறந்த நாட்டில் நிலக்கரி மின்சாரமே இல்லாமல் போனது.

முழுப் புகழும் இந்த வரிக்கே போகாது. ஐரோப்பிய மாசு விதிகளால் சில பழைய ஆலைகள் எப்படியும் மூடவிருந்தன, காற்றாலைகளும் பெருகின. ஆனால் 2015-க்குப் பிறகான அந்தச் செங்குத்தான வீழ்ச்சியில் விலையின் கை தெளிவாகத் தெரிகிறது. கூடவே இன்னொன்றையும் பாருங்கள்: இதை எதிர்த்து யாரும் தெருவுக்கு வரவில்லை. செலவு மின் கட்டணத்துக்குள் கலந்துவிட்டது, வசூல் கருவூலத்துக்குப் போனது, திருப்பித் தருவதாக யாரும் சொல்லவே இல்லை. நேர்மையான முறை கனடாவுடையதுதான். வேலை செய்த முறை ஆஸ்போர்னுடையது. எனக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரியாத விலைக்குத்தான் ஆயுள் கூடுதலாக இருக்கிறது.

இதோடு ஆஸ்போர்ன் இருந்த அதே கன்சர்வேட்டிவ்-லிபரல் டெமாக்ரட் கூட்டணி அரசு 2013-இல் கொண்டுவந்த ஏல ஒப்பந்த முறையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். காற்றாலைக் கம்பெனிகள் ஒரு விலை கேட்டு ஏலத்தில் போட்டியிடும். சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசம் கம்பெனிக்குக் கிடைக்கும், மேலே போனால் கம்பெனி திருப்பிக் கட்டும். 2015-இல் கடல் காற்றாலைக்கு ஆயிரம் யூனிட்டுக்கு 114 பவுண்டுக்கு மேல் கேட்டவர்கள், 2019-இல் 40 பவுண்டுக்கு வந்தார்கள் (இரண்டும் 2012 விலை மதிப்பில்). 2023-இல் அரசு உச்சவிலையை அளவுக்கு மீறிக் குறைவாக வைத்ததால் கடல் காற்றாலைக்கு ஒருவர்கூட ஏலம் கேட்கவில்லை. அடுத்த சுற்றில் திருத்திக்கொண்டார்கள். ஆட்சி மாறியும் லேபர் கட்சி இதே முறையைத்தான் ஓட்டுகிறது.

ஒரு வேடிக்கை: ஆஸ்போர்னின் கன்சர்வேட்டிவ் கட்சிதான் 2015-இல், உள்ளூரில் ஆட்சேபம் எழுந்தாலே நின்றுபோகும்படி விதியை மாற்றி, இங்கிலாந்தில் தரைக் காற்றாலைகளை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் முடக்கி வைத்தது. மலிவான மின்சாரம் வேண்டும், ஆனால் எங்கள் ஊர்க் குன்றில் வேண்டாம்!

டெக்ஸாஸ்: கம்பியை இழு, மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும்

அமெரிக்காவில் காற்றாலை மின்சாரத்தில் முதலிடம் கலிஃபோர்னியாவுக்கு அல்ல, டெக்ஸாஸுக்கு. 1999-இல் ஆளுநராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் மின்சாரச் சந்தையைத் திறந்துவிட்ட சட்டத்திலேயே 2,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வேண்டும் என்ற விதியும் இருந்தது. அது கெடுவுக்கு முன்பே நிறைவேறியது. அதன்பின் வந்த சிக்கல்தான் சுவையானது. காற்று வீசுவது மேற்கு டெக்ஸாஸின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில். மின்சாரம் வேண்டியது டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம். மின்தடம் இல்லாமல் காற்றாலை கட்ட யாரும் முன்வர மாட்டார்கள், காற்றாலை இல்லாத இடத்துக்கு மின்தடம் போட யாரும் பணம் தர மாட்டார்கள்.

ரிக் பெரி ஆளுநராக இருந்த 2005-இல் சட்டமன்றம் இந்த முடிச்சை அவிழ்த்தது. காற்று வளமான பகுதிகளை முதலில் அறிவிப்பது, அங்கே மின்தடத்தை முன்கூட்டியே போட்டுவிடுவது, செலவை மாநில மின்தொடரின் எல்லா நுகர்வோர் மீதும் பரப்புவது. சுமார் 3,600 மைல், ஏறக்குறைய 700 கோடி டாலர், 18,500 மெகாவாட் கொள்ளளவு. 2014 தொடக்கத்தில் வேலை முடிந்தது. சட்டத்தை ஆதரித்தவர்களில் பலர் காலநிலை என்ற சொல்லையே உச்சரித்திருக்க மாட்டார்கள். பண்ணையாளருக்குக் குத்தகைப் பணம், கிராமப்புறப் பள்ளிக்குச் சொத்து வரி, நகரத்துக்கு மலிவான மின்சாரம் என்பதே பேச்சாக இருந்தது.

இது எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது என்பதற்கு 2025-இல் நடந்தது சாட்சி. காற்றாலை, சூரியமின் நிலையங்களுக்குக் கடிவாளம் போடும் மூன்று மசோதாக்கள் டெக்ஸாஸ் செனட்டில் நிறைவேறின. குடியரசுக் கட்சிப் பெரும்பான்மையுள்ள கீழவையிலேயே அவை செத்துப்போயின. குத்தகை வாங்கும் நில உரிமையாளர்களும் வணிக அமைப்புகளும் எதிர்த்தார்கள்.

குறையும் பெரிது. டெக்ஸாஸில் உச்சவரம்பு என்று எதுவும் இல்லை. சுத்தமான மின்சாரம் பெருகியது உண்மை. அதோடு எண்ணெய், எரிவாயு, ரசாயனத் தொழில்களும் பெருகின. அமெரிக்க மாநிலங்களில் அதிகம் உமிழ்வது இன்றும் டெக்ஸாஸ்தான். நிலைப்புக்கு நூற்றுக்கு நூறு, உமிழ்வுக் குறைப்புக்குப் பாதி மதிப்பெண்.

அணு உலையும் மற்ற யோசனைகளும்

மேற்கத்திய வலதுசாரிகளுக்கு மிகவும் பிடித்த பதில் அணுமின்சாரம். பிரான்ஸ் 1974-இல் முடிவெடுத்து, ஒரே மாதிரியான உலைகளை வரிசையாகக் கட்டி, இன்று தன் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அதிலிருந்தே எடுக்கிறது. ஆனால் அது அரசே முன்னின்று கட்டியது. சந்தை கட்டியது அல்ல. சமீபத்திய அனுபவம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள வோக்ட்ல் அணுமின் நிலையம்: 1,400 கோடி டாலர் என்று தொடங்கி 3,000 கோடியைத் தாண்டியது, ஏழு ஆண்டுகள் தாமதம். ஆஸ்திரேலியாவில் அன்றைய வலதுசாரி எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன் 2024-இல் ஏழு இடங்களில் அணு உலை என்று அறிவித்து, 2025 மே தேர்தலில் தன் சொந்தத் தொகுதியையும் இழந்தார். ஓடும் உலையை மூடாதே என்பது நல்ல கொள்கை. அங்கேலா மெர்க்கல் 2011-இல் செய்தது அதற்கு நேர்மாறு, 2023 ஏப்ரலில் ஜெர்மனியின் கடைசி மூன்று உலைகளும் நின்றபோது நிலக்கரி ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. புது உலையை மட்டும் நம்பி மற்றதைத் தள்ளிப்போடுவது, பல நேரம், இன்று எதுவும் செய்யாமலிருக்க ஒரு சாக்கு.

ஆஸ்திரேலியாவின் வலதுசாரிப் பிரதமர் டோனி அபாட் 2014-இல் லேபர் கட்சியின் கார்பன் விலையை நீக்கிவிட்டு வைத்த மாற்று, 255 கோடி ஆஸ்திரேலிய டாலர் நிதி. உமிழ்வைக் குறைப்பதாகச் சொல்பவர்களிடமிருந்து அரசே ஏலத்தில் குறைப்பை விலைக்கு வாங்கும். முதல் ஏலத்தில் சராசரி விலை டன்னுக்கு 13.95 டாலர், மலிவாகத் தெரிகிறது. ஆனால் 'நான் இந்த மரங்களை வெட்டாமல் விடுகிறேன், பணம் கொடு' என்பவர் எப்படியும் வெட்டியிருக்க மாட்டார் என்றால், அரசு வாங்கியது என்ன? இந்தக் கேள்விக்கு அந்தத் திட்டம் கடைசிவரை திருப்தியான பதில் தரவில்லை. லட்சம் கோடி மரம் நடுவது போன்ற யோசனைகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். மரம் நடட்டும், நல்லதுதான். அதைக் காலநிலைக் கொள்கை என்று கணக்கில் எழுத வேண்டாம்.

எல்லையில் வரி போடுவது இப்போது செல்வாக்குப் பெற்றுவருகிறது. அமெரிக்கக் குடியரசுக் கட்சி செனட்டர்கள் பில் கேசிடியும் லிண்ட்சே கிரஹாமும் 2023-இல் கொண்டுவந்த மசோதா, அதிகம் உமிழ்ந்து செய்த வெளிநாட்டு எஃகு, அலுமினியம் போன்றவற்றுக்குக் கட்டணம் கேட்கிறது. உள்நாட்டு உமிழ்வுக்கு விலை எதுவும் இல்லை. ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் கட்டணம் அப்படியல்ல, உள்ளூர் ஆலைகளும் விலை கொடுக்கின்றன; 2026 முதல் அது நம் எஃகு ஏற்றுமதியாளர்களையும் தொடுகிறது. உள்ளே விலை இல்லாமல் எல்லையில் மட்டும் கேட்டால் அது வெறும் இறக்குமதி வரி.

என் தேர்வு

மின்சாரத்தில் இன்னும் நிலக்கரி எரிக்கும் நாடு என்றால் ஆஸ்போர்னின் வழியும் டெக்ஸாஸின் வழியும் சேர்ந்தது: மின் நிலையங்களுக்கு மட்டும் மிதமான, முன்கூட்டியே தெரிந்த விலை, முன்கூட்டியே போட்ட மின்தடம், புது உற்பத்திக்கு ஏல ஒப்பந்தம். திருப்பித் தரும் கார்பன் வரி ஏட்டில் இதைவிடச் சிறந்தது என்பதை மறுக்கவில்லை.

ஆனால் மின்சாரம் சுத்தமாகிவிட்ட பிறகு மிச்சமிருப்பது காரும் வீட்டுக் கொதிகலனும். அங்கே மறைந்திருக்கும் விலை என்று ஒன்று இல்லை. பெட்ரோல் பங்கும் எரிவாயு பில்லும்தான். பிரிட்டிஷ் கொலம்பியா விழுந்த பள்ளமும் அதுவே. ரிஷி சுனக் 2023 செப்டம்பர் 20 அன்று ஒரே உரையில் இரண்டு அறிவிப்புகள் செய்தார். புது பெட்ரோல் கார் விற்பனைக்கான தடையை 2030-இலிருந்து 2035-க்குத் தள்ளிவைத்தார். எரிவாயுக் கொதிகலனை எடுத்துவிட்டு வெப்பப் பம்ப் வைப்பவர்களுக்கான மானியத்தை 5,000 பவுண்டிலிருந்து 7,500 ஆக்கினார். முதல் அறிவிப்பு நாளிதழ்களின் முதல் பக்கத்தைப் பிடித்தது. அடுத்து வந்த லேபர் அரசு அதைத் திருப்பி 2030 ஆக்கியது; 7,500 பவுண்டு மானியத்தை அப்படியே தொடர்ந்தது.